கிள்ளான் சுகாதார வாரியமும் காய்ச்சலை வென்ற வரலாறும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் வாக்கு. அச்செல்வம் தனியொருவன் முயற்சியால் மட்டும் கைகூடுவதன்று. தன் வீட்டையும் முற்றத்தையும் எத்துணைத் தூய்மையாக ஒருவன் வைத்திருப்பினும், பக்கத்துப் பள்ளத்தில் தேங்கிய நீரில் பிறக்கும் கொசுவுக்கு வேலி போட அவனால் இயலாது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஊர் கூடித்தான் நோயையும் விரட்ட வேண்டும்.

நாம் வாழும் இந்நாட்டில், ஒரு சிறு நகரத்தின் சுகாதார வாரியம், உலகம் வியக்கும் வண்ணம் ஒரு கொடிய நோயைத் தன் எல்லைக்குள் அடக்கிக் காட்டிய வரலாறு உண்டு. அந்நகரம் கிள்ளான். அந்நோய் மலேரியாக் காய்ச்சல். அவ்வரலாற்றில் பெருமைப்படத்தக்க பக்கமும் உண்டு. நெஞ்சை உறுத்தும் பக்கமும் உண்டு. இரண்டையும் நம் இளைய தலைமுறையினர் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் நோக்கில் இக்கட்டுரை வரையப்படுகின்றது.

நூறாண்டுகளுக்கு முந்திய கிள்ளான்

கிள்ளான் ஆற்றின் கரையில் அமைந்த இந்நகரம் தொன்மை வாய்ந்தது. 1880ஆம் ஆண்டில் சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகரம் கோலாலம்பூருக்கு மாற்றப்பட்ட பின்னரும், மாநிலத்தின் கடல்வாயில் என்னும் சிறப்பைக் கிள்ளான் இழக்கவில்லை. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை இரயில் பாதை திறக்கப்பட்டது. 1890ஆம் ஆண்டில் ஆற்றின் குறுக்கே பாலம் அமைந்து, இரயில் கிள்ளான் நகருக்குள்ளேயே வந்து சேர்ந்தது. ஈயம் வெளியே சென்றது. அரிசியும் துணியும் ஆட்களும் உள்ளே வந்தனர்.

நகரைச் சுற்றிலும் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. காப்பி விலை சரிந்தபின் அந்நிலங்களில் ரப்பர் மரங்கள் வேரூன்றின. தோட்ட வேலைக்கும், இரயில் பாதை போடவும், சாலை அமைக்கவும் தமிழகத்திலிருந்து நம்மவர் கப்பலேறி வந்தனர். 1892ஆம் ஆண்டிலேயே கிள்ளானில் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயம் அமைந்தது என்பது, நம் மக்கள் அங்கே அத்துணை விரைவில் வேர்கொண்டுவிட்டனர் என்பதற்குச் சான்றாகும்.

1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கிள்ளான் நகரில் வாழ்ந்தோர் சுமார் 3,500 பேர். இன்றைய கணக்கில் ஓர் அடுக்குமாடி வட்டாரத்தில் அடங்கிவிடும் தொகை இது. மேடும் பள்ளமுமான நிலத்தில் வீடுகள், பள்ளங்களில் சதுப்பு, சதுப்பைச் சூழ்ந்து புதர்க்காடு. மழைநீர் வடிந்தோட வழியில்லை. இதுவே அன்றைய கிள்ளானின் தோற்றம்.

சுகாதார வாரியம் என்பது யாது?

இன்று நகராண்மைக் கழகம், மாநகர் மன்றம் என்று நாம் குறிப்பிடும் அமைப்புகளுக்கெல்லாம் மூதாதை, அந்நாளில் சானிட்டரி போர்டு என்று வழங்கப்பட்ட சுகாதார வாரியமே. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் 1890ஆம் ஆண்டில் இத்தகைய வாரியங்கள் அமைக்கப்பட்டன. 1895ஆம் ஆண்டில் கிள்ளான் நகரின் எல்லை அரசிதழில் வரையறுக்கப்பட்டது. இந்த எல்லை என்னும் சொல்லை அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டுகின்றோம். இவ்வரலாற்றின் உயிர்நாடி அதில்தான் உள்ளது.

வாரியத்தின் பணிகள் பல. தெருக் கூட்டுதல், குப்பையும் கழிவும் அகற்றுதல், சாக்கடை வெட்டுதல், விளக்கேற்றுதல், சந்தையையும் இறைச்சிக் கொட்டகையையும் கண்காணித்தல், கட்டட வரைபடங்களைப் பார்த்து அனுமதி வழங்குதல், வீட்டுவரி தண்டுதல் ஆகிய யாவும் அதன் பொறுப்பு. அரசு அதிகாரிகளும் மருத்துவரும் நகரின் முக்கியப் பிரமுகர்களும் கூடி முடிவெடுப்பர். விழா எடுக்கத் தக்க வேலை எதுவும் இதில் இல்லை. செய்தால் ஒருவர் கண்ணிலும் படாது. செய்யாவிடில் ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும். அத்தகைய பணி அது.

அந்நாளில் மலாயாவில் பொதுப்பணித் துறை, இரயில்வே, சுகாதார வாரியங்கள் ஆகியவற்றில் கூலிப்பணி புரிந்தோரில் தென்னிந்தியர் பெரும்பங்கினர். துடைப்பமும் மண்வெட்டியும் ஏந்தி நகரங்களைக் காத்த அவர்தம் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இடம்பெறவில்லை.

1901: சோதனை மிகுந்த ஆண்டு

1901ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மால்கம் வாட்சன் என்னும் இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் வட்டார மருத்துவராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை. மருத்துவமனைக்குச் சென்றவர் கண்டது காய்ச்சல் நோயாளிகளின் கூட்டத்தை. நகரில் வீடு தவறாமல் காய்ச்சல். வாரத்துக்கு வாரம் நிலைமை மோசமாயிற்று.

இதற்கிடையே ஆற்றின் முகத்துவாரத்தில், கண்டல் காட்டை வெட்டிப் புதிய துறைமுகம் ஒன்றை அரசு அமைத்து வந்தது. அதுவே போர்ட் சுவெட்டன்ஹாம். 1972ஆம் ஆண்டு முதல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய துறைமுகம். 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அது திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே அங்குப் பணிபுரிந்தோரைக் காய்ச்சல் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்று ஆட்சியாளர்கள் எண்ணிப் பார்க்கும் அளவுக்கு நிலைமை முற்றிற்று.

அவ்வோராண்டில் கிள்ளானிலும் துறைமுகத்திலும் பதிவான மரணங்கள் 582. அவற்றுள் காய்ச்சலால் நேர்ந்தவை 368. சில ஆயிரம் பேரே வாழ்ந்த ஓரிடத்தில் இத்தனை சாவு என்றால், இழவு விழாத தெருவே இருந்திராது எனலாம்.

கொய்னாவா, வடிகாலா?

காய்ச்சல் எதனால் வருகின்றது என்பது அக்காலத்தில் புதிதாகக் கண்டறியப்பட்ட உண்மை. சதுப்பிலிருந்து எழும் நச்சுக் காற்றே காரணம் என்று மக்கள் நெடுங்காலம் நம்பி வந்தனர். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்திராபாத்தில் பணியாற்றிய ரோனல்ட் ராஸ் என்னும் மருத்துவர், கொசுவின் இரைப்பையில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மறு ஆண்டில் கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு ஆய்ந்து, கொசுக்கடியால் நோய் பரவுவதை ஐயத்திற்கிடமின்றி நிறுவினார். 1902ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆயினும், ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மையை ஓர் ஊரில் நடைமுறைப்படுத்துவது எங்ஙனம்? அதற்கு அன்று மூன்று வழிகள் கூறப்பட்டன. அனைவருக்கும் கொய்னா மருந்து கொடுப்பது ஒன்று. அனைவரையும் கொசுவலைக்குள் உறங்கச் செய்வது மற்றொன்று. கொசு பிறக்கும் நீரையே இல்லாமற் செய்வது மூன்றாவது.

வாட்சன் மூன்றாவது வழியையே சிறந்ததெனக் கொண்டார். கொய்னாவை ஒவ்வொருவரும் நாள் தவறாமல் விழுங்க வேண்டும். அதன் கசப்புக்கு அஞ்சித் துப்புவோர் பலர். வலை வாங்கும் வசதி கூலித் தொழிலாளிக்கு இல்லை. ஒரே அறையில் பலர் படுத்துறங்கும் இடத்தில் வலை கட்டவும் இயலாது. ஆனால், சதுப்பை வற்றச் செய்துவிட்டால், பணக்காரனும் ஏழையும், படித்தவனும் படியாதவனும், நேற்று கப்பலிலிருந்து இறங்கியவனும் ஒருங்கே காப்பாற்றப்படுவர். எவரையும் கேட்காமலும் எவரையும் வற்புறுத்தாமலும் காக்கும் அறம் அது.

இளம் மருத்துவரின் இந்த யோசனை சுகாதார வாரியத்தின் முன் வைக்கப்பட்டது. மாநிலத் தலைமை மருத்துவராக இருந்த டாக்டர் டிராவர்ஸ் துணை நின்றார். அரசு பணம் ஒதுக்கியது. இதே முறை வேறு நாடுகளில் வெற்றி பெற்றதைக் காட்டும் முன்மாதிரி அன்று அரிதாகவே இருந்தது. அந்நிலையில் ஒரு சிறு நகரத்து வாரியம் துணிந்து இறங்கியது பாராட்டுக்குரியதாகும்.

நகருக்குள்ளிருந்த புதர்க்காடுகள் வெட்டி அகற்றப்பட்டன. சதுப்புகளின் ஓரத்தில் குன்றடி நெடுகக் கால்வாய் வெட்டி, ஊற்றுநீர் பள்ளத்தில் இறங்குமுன்பே திருப்பிவிடப்பட்டது. குழிகள் மண்ணிட்டு நிரப்பப்பட்டன. துறைமுகப் பகுதியில் கடல்நீர் புகாதவாறு மண்கரை எழுப்பி, உள்நீர் வெளியேற வடிகால் அமைக்கப்பட்டது. இயந்திரங்கள் மலிந்த காலமன்று அது. மண்வெட்டியும் கூடையும் மனித முதுகெலும்புமே கருவிகள்.

எண்கள் கூறும் சான்று

வாட்சன் வெறும் சொல்லை நம்பாதவர். ஒவ்வொரு நோயாளியும் எங்கிருந்து வந்தார் என்பதை ஏட்டில் குறித்து வைத்தார். அவ்வேடுகளே இன்று நமக்குக் கிடைத்துள்ள அரிய சான்றுகள்.

கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தோர் தொகை 1901இல் 368. மறு ஆண்டான 1902இல் அது 59. 1903இல் 46, 1904இல் 48, 1905இல் 45. எல்லா நோய்களையும் சேர்த்த மொத்த மரணங்களும் 582இலிருந்து 113ஆகக் குறைந்தன. காய்ச்சல் ஒழிந்த இடத்தில் பிற நோய்களின் வலிமையும் குன்றியது என்பது இதனால் புலனாகின்றது.

அரசு ஊழியர்கள் காய்ச்சலால் பெற்ற மருத்துவ விடுப்பையும் நோக்குவோம். 1901இல் வழங்கிய சான்றிதழ்கள் 236. விடுப்பு நாள்கள் 1,026. 1905இல் சான்றிதழ்கள் நான்கே நான்கு. விடுப்பு நாள்கள் 30. மூடப்படவிருந்த துறைமுகம் தழைத்தோங்கியது. பிற்காலத்தில் நாட்டின் முதன்மைத் துறைமுகமாக அது வளர்ந்ததை அனைவரும் அறிவர்.

1906ஆம் ஆண்டில் டிராவர்ஸும் வாட்சனும் இணைந்து வெளியிட்ட அறிக்கை வாயிலாகக் கிள்ளானின் பெயர் உலக மருத்துவ வட்டாரங்களில் பரவியது. ரோனல்ட் ராஸ் இதனைத் தம் நூலில் சிறப்பாக எடுத்துக் காட்டினார். வாட்சனுக்கு 1924ஆம் ஆண்டில் 'சர்' பட்டம் வழங்கப்பட்டது.

எல்லைக் கல்லுக்கு அப்பால்

இதுவரை கூறியது பெருமைக்குரிய பக்கம். இனி மறுபக்கத்தைக் காண்போம்.

கிள்ளான் மருத்துவமனையில் மலேரியாவுக்காகச் சேர்க்கப்பட்டோரின் கணக்கை வாட்சன் மூன்று பிரிவாக எழுதினார். 1901இல் கிள்ளான் நகரிலிருந்து வந்தோர் 334, துறைமுகத்திலிருந்து 188, வட்டாரத்தின் பிற பகுதிகளிலிருந்து 197. 1905இல் நகரிலிருந்து வந்தோர் 12, துறைமுகத்திலிருந்து 11. பிற பகுதிகளிலிருந்து வந்தோரோ 353!

நகருக்குள் காய்ச்சல் ஏறத்தாழ ஒழிந்துவிட்டது. நகருக்கு வெளியே அது பெருகியது. தோட்டங்கள் பெருகி ஆட்கள் கூடியது இதற்கு ஒரு காரணம் என்பது உண்மையே. எனினும் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது கிடைத்த விடை எவ்வித ஐயத்திற்கும் இடம் வைக்கவில்லை. 1904ஆம் ஆண்டின் இறுதியில் கிள்ளான் நகரில் 173 குழந்தைகளைச் சோதித்ததில் கிருமி இருந்தது ஒரே ஒரு குழந்தைக்கு. துறைமுகத்தில் 87 குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு. வட்டாரத்தின் பிற பகுதிகளில் சோதித்த 298 குழந்தைகளில் 101 பேருக்குக் கிருமி இருந்தது. மூன்றில் ஒரு குழந்தை!

எல்லைக் கல்லுக்கு இப்பால் பிறந்த குழந்தைக்கும் அப்பால் பிறந்த குழந்தைக்கும் இடையே சில கல் தொலைவே வேறுபாடு. இங்கு வீசும் காற்றே அங்கும் வீசியது. இங்கு பெய்யும் மழையே அங்கும் பெய்தது. இங்கு ஒரு வாரியம் இருந்தது, அங்கு இல்லை. வாரியம் தன் எல்லைக்குள் வரி தண்டியது. அவ்வெல்லைக்குள் வடிகால் வெட்டியது. தோட்ட நிலத்தின் பொறுப்பு தோட்ட முதலாளிகளிடம் விடப்பட்டிருந்தது. அவர்களுள் பலர் மரத்தின் வளர்ச்சியைக் கணக்கிட்ட அளவுக்கு மனிதர் உயிரைக் கணக்கிடவில்லை.

அந்த எல்லைக்கு அப்பால் லயங்களில் வாழ்ந்தோரில் பெரும்பாலோர் நம் முன்னோர்கள். 1911ஆம் ஆண்டில் கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் வேலை செய்த சுமார் 143,000 தொழிலாளர்களுள் 9,000 பேருக்கு மேல் அவ்வோராண்டிலேயே மாண்டனர். ஆயிரத்துக்கு 62 பேருக்கும் மேற்பட்ட சாவு அது. பத்தாண்டுகளுக்கு முன்பே கிள்ளான் நகரம் நோயை வெல்லும் வழியைக் காட்டியிருந்தும், அவ்வழி தோட்டத்து லயத்தை எட்டுவதற்குள் எத்தனையோ குடும்பங்கள் அழிந்துபோயின. பால்மரக் காட்டில் பெயரின்றிப் புதையுண்ட அவர்களை நினையாமல் இவ்வரலாற்றை எழுதுவது முறையன்று.

இடமறிந்து செய்த மருத்துவம்

வாட்சன் அரசுப் பணியிலிருந்து விலகித் தோட்டங்களின் மருத்துவராகப் பணியாற்றலானார். அங்கே அவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. கிள்ளான் சமவெளியில் காட்டை வெட்டி வடிகால் அமைத்ததும் காய்ச்சல் அகன்றது. அதே முறையைக் குன்றுப் பாங்கான தோட்டங்களில் கையாண்டபோது காய்ச்சல் அதிகரித்தது!

இதன் காரணத்தை அவர் பொறுமையுடன் ஆராய்ந்தார். சமவெளியில் நோய் பரப்பிய அனோபிலஸ் அம்ப்ரோசஸ் என்னும் கொசு, நிழல் படிந்த தேங்கிய நீரில் முட்டையிடுவது. நிழலும் தேக்கமும் நீங்கினால் அதற்கு வாழ்வில்லை. குன்றுகளில் நோய் பரப்பிய அனோபிலஸ் மாக்குலாட்டஸ் என்னும் கொசுவோ, வெயில் படும் தெளிந்த ஊற்றுநீரை விரும்புவது. காட்டை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டால் அதற்கு விருந்து வைத்தது போலாகும். எனவே, குன்றுப் பகுதிகளில் நீரை மண்ணுக்குள் பதித்த குழாய்கள் வழியே ஓடச் செய்யும் முறையை அவர் கையாண்டார். திறந்த நீரில் எண்ணெய் தெளிக்கும் வழக்கமும் பரவியது. 1911ஆம் ஆண்டில் அரசு மலேரியா ஆலோசனை வாரியம் ஒன்றை அமைத்தது. காலப்போக்கில் தோட்டங்களிலும் சாவு குறையத் தொடங்கியது.

ஓரிடத்தில் மருந்தானது மற்றோரிடத்தில் நஞ்சாகலாம். அந்தந்த மண்ணையும் நீரையும் அறிந்தவர்களே அந்தந்த ஊரின் சுகாதாரத்தை நடத்த வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

காத்தலும் ஒரு தொண்டே

வடிகால் வெட்டுவது ஒருநாள் வேலை. அதைத் தூர்ந்துபோகாமல் காப்பது அன்றாட வேலை. இலையும் சேறும் அடைத்துக்கொண்டால், வெட்டிய கால்வாயே கொசுவின் தொட்டிலாகிவிடும். 1941 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் இப்பணிகள் கைவிடப்பட்டபோது, மலாயாவில் காய்ச்சல் மீண்டும் தலைவிரித்தாடியதை மூத்தோர் கூறக் கேட்டவர் நம்மிடையே உண்டு.

போருக்குப் பின் பணி தொடர்ந்தது. 1967ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவழி பரவும் மலேரியா, உள்நாட்டில் தொற்றியதாக ஒரு நேர்வும் பதிவாகாத நிலையை மலேசியா எட்டியது. காட்டுக் குரங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் மற்றொரு வகை இன்னும் தொல்லை தருகின்றது. அன்றைய கிள்ளான் வாரியமும் படிப்படியாக வளர்ந்து, 1954ஆம் ஆண்டில் நகர மன்றமாகவும், 1977ஆம் ஆண்டில் நகராண்மைக் கழகமாகவும், 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் அரச மாநகர் மன்றமாகவும் உயர்ந்தது.

மலேரியா இருந்த இடத்தில் இன்று டிங்கிக் காய்ச்சல் நிற்கின்றது. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சதுப்பைத் தேடிப் போவதில்லை. நம் வீட்டுப் பூந்தொட்டியின் அடித்தட்டும், கொல்லையில் கிடக்கும் பழைய வாளியும், ஆலய வளாகத்தின் மூலையில் ஒதுக்கிய தேங்காய்ச் சிரட்டையும், மழையில் நிறைந்த அன்னதானப் பாத்திரமும் அதற்குப் போதும். இந்த எல்லைக்குள் மன்றத்தின் ஊழியர் நாள்தோறும் வந்து பார்க்க இயலாது. பார்க்க வேண்டியவர்கள் நாமே.

திருவிழா முடிந்து, கொடியிறங்கி, பந்தல் பிரிக்கப்பட்ட பின்னர் வளாகத்தைக் கூட்டிப் பெருக்கும் தொண்டர்களை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். அவர்களுக்கு மாலை மரியாதை நடப்பதில்லை. அன்று கிள்ளானில் சேற்றில் இறங்கி மண்வெட்டிய பெயரறியாத் தொழிலாளர்களின் மரபில் வந்தவர்கள் அவர்கள். அத்தொண்டர்களோடு ஒரு கை சேர்ப்பதும், நம் வேலிக்கு அப்பால் தேங்கிய நீரையும் நம்முடையதாகவே கருதிக் கவிழ்ப்பதும், எல்லைக் கல்லுக்கு வெளியே மாண்ட நம் முன்னோர்க்கு நாம் செய்யும் சிறந்த வழிபாடாகும்.

எல்லாரும் நோயின்றி நெடுநாள் வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.